ஐந்தாவது நிமிடம்

பக்கத்து வகுப்பு டீச்சர் அக்காவுக்கு,

பதினோரு வருடம் கழித்து எழுதுகிறேன். திட்டிவிட்டுப் படியுங்கள்.

நான் இப்போது புது ஆசிரியர்களுக்குப் பாடத்திட்டம் எழுதவும் வகுப்பை அடக்கவும் பயிற்சி கொடுக்கிறேன். சிரிக்காதீர்கள்.

"பிள்ளைங்க கத்தினா நீங்க கத்தாதீங்க. அஞ்சு நிமிஷம் வாயே திறக்காம நில்லுங்க, தானா அடங்கிடுவாங்க" என்று எல்லோருக்கும் சொல்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அன்று ஏழாம் வகுப்பில் நாற்பது பேரும் மேசையைத் தட்ட, எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சாக்பீஸோடு அப்படியே நின்றேன். ஐந்தாவது நிமிடம் நீங்கள் கதவைத் திறந்தீர்கள். வகுப்பு கப்சிப்.

"டீச்சர் எவ்வளவு பொறுமையா நிக்கிறாங்க, பாத்தீங்களா?" என்றீர்கள். பின்னால் வந்த தலைமை ஆசிரியர் அதை நம்பிவிட்டார். அந்தப் பொறுமைக்காகத்தான் என்னைப் பயிற்சி நிலையத்துக்குப் பரிந்துரைத்தார். தப்பித்தால் போதும் என்று நானும் வந்துவிட்டேன்.

கொடுமை என்னவென்றால், இவர்களுக்கு அது பலிக்கிறது. "மேடம், சும்மாதான் நின்னேன், அடங்கிட்டாங்க!" என்று ஓடிவந்து சொல்கிறார்கள். நேற்று ஒருத்தி, "நீங்க நிக்கிறத ஒரு தடவ பாக்கணும் மேடம்" என்றாள். ஒரே கைதட்டல். நிலைய முதல்வர் திங்கட்கிழமை என்று முடிவே செய்துவிட்டார். ஏழாம் வகுப்பு. பின்பெஞ்சுகளில் புது ஆசிரியர்கள் முப்பது பேர் நோட்டும் கையுமாக. விடுப்புக் கேட்டேன். "அதுக்கென்ன, நீங்க வந்ததும் வச்சுக்கலாம்" என்கிறார்.

நாற்பது நிமிடத்துக்கும் பாடத்திட்டம் எழுதிவிட்டேன். ஐந்தாவது நிமிடத்துக்கு எதிரே 'கதவு திறக்கிறது' என்று எழுதி, அழித்தேன்.

இப்படிக்கு,
இன்னும் சாக்பீஸோடு நிற்பவள்