ஏழாம் கணக்கு

மார்ச் 3
சிறைச்சாலை

அன்புள்ள மி-ரானுக்கு,

நான் ஓட்டிய காரில் உன் கணவன் கி-போம் இறந்த பிறகு எழுதும் முதல் கடிதம். மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை, அதற்கு முகமில்லை. இங்கே நூலகத்தில் வானியற்பியல் அறிமுகநூல் ஒன்று கிடைத்தது. படிக்க ஆசை. முதல் பக்கமே மடக்கை, வகையீடு என்று மிரட்டுகிறது. "ஜன்னல்ல வானமே தெரியல, இவருக்கு நட்சத்திரம் கேக்குதாம்!" என்று அறையில் சிரிக்கிறார்கள். கணக்கு டீச்சர் உன்னை விட்டால் எனக்கு யார்?

உன் அண்ணன்,
தோ-ஷிக்

மார்ச் 19
சுன்ச்சான்

தோ-ஷிக் அவர்களுக்கு,

புத்தகங்கள் தனியே வரும். முதலில் கணிதம், பிறகு இயக்கவியல், அப்புறம்தான் நட்சத்திரம். போட்ட கணக்குகளை அனுப்புங்கள், திருத்துகிறேன். வேறெதுவும் எழுத வேண்டாம்.

மி-ரான்

ஆகஸ்ட் 8

தோ-ஷிக் அவர்களுக்கு,

வகையீடு தேறிவிட்டது. இயக்கவியலில் ஏழாம் கணக்கை விட்டு எட்டுக்குத் தாவியிருக்கிறீர்கள். ஏன்?

மி-ரான்

ஆகஸ்ட் 20

மி-ரான்,

அதில் ஒரு கார் பிரேக் பிடிக்கிறது. என்னால் முடியாதும்மா.

தோ-ஷிக்

செப்டம்பர் 2

கி-போமை எரித்துவிட்டு வந்த வாரமே அந்தக் கணக்கை நான் போட்டேன். பாலத்தில் உறைபனி, நடுவில் நின்ற லாரி, உங்கள் வேகம், எல்லாம் போலீஸ் அறிக்கையில் இருந்தன. அந்த எண்களைக் கீழே தந்திருக்கிறேன். இதைத் தாண்டாமல் ஈர்ப்புவிசைக்குப் போக முடியாது. போடுங்கள்.

மி-ரான்

அக்டோபர் 11

மி-ரான்,

போட்டேன். நான்கு முறை தாளைக் கிழித்தேன். அனுமதித்த வேகத்தில் வந்திருந்தாலும் அந்தப் பனியில் கார் நின்றிருக்காது, மோதியிருக்கும். ஆனால் மோதும் வேகம் பாதியாக இருந்திருக்கும். அந்த வேகத்தில் கி-போம் பிழைத்திருப்பானா? அதற்கு எந்தச் சூத்திரம்?

தோ-ஷிக்

அக்டோபர் 25

அண்ணா,

விடை சரி. கடைசிக் கேள்விக்கு என்னிடமும் சூத்திரம் இல்லை. நானும் அந்த இடத்தில்தான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

நேற்று அம்மா, "அவன் என்னத்தப் படிக்கிறானாம்?" என்று கேட்டாள். தீர்ப்புக்குப் பிறகு அவள் உன்னைப் பற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவை. சொன்னேன். "கிம்ச்சி ஊறுகாய் குடுத்தா உள்ள விடுவாங்களாடி?"

"விட மாட்டாங்கம்மா."

"அப்ப நீயாவது போயேன்."

வியாழக்கிழமை பார்வை நேரத்துக்கு வருகிறேன். வாய் திறந்து பேசுவேனா என்று தெரியாது. ஈர்ப்புவிசையில் உனக்குச் சந்தேகம் இருந்தால் எழுதி வை.

தங்கை,
மி-ரான்