நான் வந்ததும் நிற்கும் பாட்டு

நவ. 6, வியாழன்
காலையிலிருந்து தூறல். ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பினேன். கேட்டைத் திறந்ததும் உள்ளே வீட்டுக்காரர் வாசித்துக்கொண்டிருந்த பியானோ சத்தம் நின்றது. நேற்றும் இப்படித்தான்.
"என்ன வாசிச்சிய?"
"சும்மா, விரலுக்குப் பயிற்சி."
பள்ளிக்கூடத்துப் பாட்டு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. இப்போது என்ன பயிற்சி?
சோப்பு வாங்க மறதி.

நவ. 7, வெள்ளி
பக்கத்து வீட்டு வசந்தா, மதில் மேல் கை வைத்து: "அக்கா, நீங்க வெளிய போனதும் அண்ணன் ஒரே அழுகையால்லா வாசிக்காவ! யாரை நெனச்சோ?"
கேட்ட மாதிரி இல்லை. எனக்குத் தெரிவித்த மாதிரி.
செப்டம்பரில் மாடிக்குப் போய்ப் போய் போன் பேசினார். யாரிடம்? சர்ச் பாடகர் குழு எஸ்தர் டீச்சர்? கணவர் இல்லாதவள். நல்ல குரல் வேறு. சே.

நவ. 8, சனி
மழை விட்டது. ஆற்றில் கலங்கல் தண்ணீர்.
மார்க்கெட் போவதாகச் சொல்லி, பின்வாசல் வழியே வந்து அடுக்களையில் நின்றேன். என் வீட்டில் நானே திருடி. வாசித்தார். பைய ஆரம்பித்து, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து, முடிக்க மனசில்லாத மாதிரி. எனக்கே கண் கலங்கியது. அப்புறம் கோபம்.
"யாருக்கு இது?"
திடுக்கிட்டார். "உனக்குத்தாம்ளா. உனக்குன்னு எழுதுனது."
"உயிரோட இருக்கிறவளுக்கு எதுக்கு ஒப்பாரி?"
 பியானோவை மூடிவிட்டு வெளியே போய்விட்டார்.
எஸ்தரிடம் மனதுக்குள் மன்னிப்பு.

நவ. 9, ஞாயிறு
ஆராதனையில் மனம் ஒட்டவில்லை. என் கழுத்துக் கட்டி! செப்டம்பரில் ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "வெறும் கொழுப்புதான்" என்று இவர் வெளியே வந்து சொன்னார். மாடி போன் அந்த வாரம்தான்.
மத்தியானம் தன் மீன் துண்டையும் எனக்கு வைத்தார். ஏன்?
எனக்குப் பிறகு வளையல் மகளுக்கு. சொல்லி வைக்க வேண்டும்.

நவ. 10, திங்கள்
டவுணில் ரவிக்கை தைக்கக் கொடுப்பதாகப் பொய். பஸ் பிடித்து டாக்டரம்மாவிடம்.
"உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா. ரிசல்ட் வர்ற வரைக்கும்தான் கேன்சரோன்னு எனக்குச் சந்தேகம். உங்ககிட்ட அதைச் சொல்ல வேண்டாம்னு சார் கெஞ்சுனாவ. தெனமும் போன், ரிசல்ட் வந்துட்டா, வந்துட்டான்னு."
"நெசமாவா? மறைக்கலையே?"
கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வாசித்தேன். மறுபடி வாசித்தேன்.
பஸ்ஸில் அழுகை. பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னலோரம் விட்டுக் கொடுத்தாள்.
வீட்டில் அவரிடம் எல்லாம் சொன்னேன். பியானோ மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு: "நீ போயிட்டா என்ன செய்வேன்னு நெனச்சு நெனச்சு, அந்த நாள்ல கையில வந்தது. நல்ல சேதி வந்த பொறவு தூரப் போட மனசு வரல. உனக்கு வாசிச்சுக் காட்டவும் முடியல."
"தனியாவா தாங்குனிய?"
தலையாட்டினார்.
திட்டினேன். பிறகு காப்பி போட்டேன்.

நவ. 11, செவ்வாய்
வெயில். மாவு அரைக்கணும், கேஸ் சிலிண்டர் பதியணும்.
பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுசாக வாசிக்கச் சொன்னேன். நான் போன பிறகு இந்த வீட்டில் என்ன சத்தம் கேட்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எத்தனை பேருக்குக் கிடைக்கும்?
முடித்துத் திரும்பினார். "எப்டி இருக்கு?"
"நல்லாத்தான் இருக்கு. நீங்க முந்திப் போயிட்டா நான் என்ன செய்ய? எனக்கு ஒரு கட்டைகூட அமுக்கத் தெரியாதே."