நெல்லுக்குக் கட்டமில்லை

வெள்ளி, இரவு

பழுகாமம் வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருவது: என் பள்ளிக்கூடச் சேட்டின் இரண்டாவது பொத்தான் இன்று காலை காலமாகிவிட்டது. என் கூட்டாளி சுதனின் அம்மா தந்த நெல் மூட்டையைத் தூக்கும்போது தெறித்து வாய்க்காலில் விழுந்தது.

பள்ளிக்கூட நூலகத்துக்குப் புதுக் கூரை போட, எங்களிடம் கடிதம் கொடுத்தனுப்பி வீடு வீடாக நன்கொடை கேட்கிறார்கள். "கையில காசில்ல மனே. வயல் வட்டையில வெட்டின நெல்லு இருக்கு, கொண்டு போய்க் குடுங்க," என்றார் சுதனின் அம்மா. நானும் சுதனும் மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம். அதை வாங்கி வைத்த வகுப்புச் சேர், காலைக் கூட்டத்தில் கொடுத்தவர்களின் பெயர்களை வாசித்தபோது சுதனின் அம்மாவை மட்டும் விட்டுவிட்டார்.

கேட்டேன்.

"நெல்லுக் குடுத்த ஆக்கள எழுத இதில கட்டமில்லடா."

"கட்டமில்லாட்டிக் கீறலாம்தானே சேர்? கோடு போட அடிமட்டம் தரட்டா?"

வெயிலில் நிறுத்திவிட்டார். அது பரவாயில்லை. சுதன் தலையைக் குனிந்துகொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நெல் கொடுத்தால் அது கொடையில்லையா? மத்தியானம் சேர் சாப்பிட்டது என்ன, கட்டமா?

இடைவேளையில் போய், பலகையில் ஒட்டியிருந்த பட்டியலின் உச்சியில் சிவப்புப் பேனையால் சுதனின் அம்மா பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். சுதன் சிரித்தான். அநியாயத்தைத் தட்டிக்கேட்க இந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஒருவன்தான்!

எழுதியபின் பட்டியலை முழுதாக வாசித்தேன். எங்கள் வீட்டுப் பெயரும் இல்லை. அதில் சேர் மீது பிழையில்லை. நன்கொடைக் கடிதத்தை நான் அம்மாவிடம் கொடுக்கவே இல்லை. போன கிழமை அதை ரொக்கெற்றாக மடித்துப் பறக்க விட்டேன். இன்னும் நூலகக் கூரை மேல்தான் கிடக்கிறது, ஓட்டைக்குப் பக்கத்தில்.