வெடிக்காத மூன்று துளைகள்

அக்டோபர் 9, திங்கள்
புது மென்பொருள் இன்று முதல் எங்கள் அலுவலகத்தில் ஓடுகிறது. செம்புச் சுரங்கம் முழுக்கத் திரையில் சுழல்கிறது. வெடி வைக்கும் துளைகளை எங்கே, எவ்வளவு ஆழத்தில், என்ன சாய்வில் போட வேண்டும் என்று அதுவே காட்டுகிறது. பதினான்கு வருடமாக நான் இரண்டு நாள் உட்கார்ந்து போடும் படத்தைத் தொவேலா நாற்பது நிமிடத்தில் போட்டுவிட்டாள். வேலைக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. தலைமைப் பொறியாளர் சிமாசிகு, "லுபிண்டா, இங்க வந்து பாருங்க, கண்ணுக்கு விருந்து" என்றார். போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

அக்டோபர் 11
கேன்டீனில், துளை போடும் டிரில் இயந்திரத்தை ஓட்டும் கஷிம்பி சோளமாவுக் களியான ந்ஷிமாவை உருட்டிக்கொண்டே, "பெரியவரே, இனி உங்களுக்கு ஆத்துல மீன் பிடிக்கிற வேலைதானா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். தொவேலா மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அக்டோபர் 13
மென்பொருளில் ஏற்ற, பழைய பதிவுகளை எல்லாம் தொவேலா கேட்டாள். "எதையும் விட்டுடாதீங்க ஐயா. நாம குடுத்தாத்தான் அதுக்குத் தெரியும்."
பதினொரு கோப்புகளைக் கொடுத்தேன். பச்சை நோட்டை மட்டும் கொடுக்கவில்லை. வெடிக்காமல், உள்ளே வெடிமருந்தோடு கிடக்கும் துளைகளின் பட்டியல் அது. மறந்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். மறக்கவில்லை. ஏதாவது ஒன்று என் கையிலும் இருக்கட்டுமே.

அக்டோபர் 17
அவள் போட்ட வெடியில் பாறை சர்க்கரை மாதிரி உடைந்ததாம். லாரிக்காரன்வரை அவள் பெயர்தான். என் பெயரைப் பாறையோடு சேர்த்து யாரும் சொன்னதில்லை — திட்டும்போது தவிர.

அக்டோபர் 18
என் மனைவி நமகாவு: "அந்தப் பொண்ணு பேரை இந்த வாரம் எத்தனை தடவை சொல்லிட்டீங்க, தெரியுமா?"

அக்டோபர் 20, வெள்ளி
1240 பெஞ்சு என்கிற பாறைப் படிக்கு அவள் போட்ட படம் ஒப்புதலாகிச் சுவரில் தொங்கியது. பச்சை நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஜூனில் வெடிக்காமல் போனவற்றுக்கு ஒரு கை தூரத்தில் மூன்று புதுத் துளைகள். டிரில் அந்த மருந்தில் பட்டால் —
முதலில் வந்தது பயமில்லை. சந்தோஷம். எழுதவே கை கூசுகிறது. டிரில் திங்கள் மதியம்தானே அங்கே போகும்? காலைக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

அக்டோபர் 21
டிரில் இன்று காலையே போய்விட்டது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? தெரிந்ததும் ரேடியோவைப் பிடித்தேன். "கஷிம்பி, நிறுத்துடா. எதையும் தொடாதே. இறங்கி நட."
பத்தாவது துளையை முடித்திருந்தான். நோட்டில் நான் கண்ட ஆபத்தான மூன்றில் முதலாவது, பதினொன்றாவது துளை.
நான் கொண்டுபோய்க் கொடுத்த பச்சை நோட்டைத் தொவேலா பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.
"இது எங்க இருந்துச்சு?"
"என் மேசையில."
"நான் கேட்ட அன்னைக்குமா?"
"அன்னைக்கும்."
நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

அக்டோபர் 23
கூட்டத்தில் அவளே எழுந்து சொன்னாள்: "லுபிண்டா ஐயா பார்த்து நிறுத்தினாரு. இல்லேன்னா இன்னைக்கு கஷிம்பி இல்ல." கை தட்டினார்கள். கஷிம்பி வந்து கட்டிக்கொண்டான். சட்டையெல்லாம் டீசல் வாசனை. அந்தக் கைதட்டல்கூட அவள் போட்ட பிச்சை. பெருந்தன்மையிலும் என்னை முந்திவிட்டாளே என்று அப்போதும் வயிறு எரிந்தது. என்ன மனுஷன்டா நீ?
கூட்டம் கலைந்ததும் சிமாசிகுவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

நவம்பர் 16
மழை பிடித்துக்கொண்டது. எனக்கு இப்போது மேசை இல்லை. அவள் படத்தைப் பார்த்து, துளை விழும் இடங்களில் குச்சி நடுகிறேன். விஷயம் தெரிந்ததிலிருந்து கஷிம்பி என்னோடு பேசுவதில்லை. நான் நட்ட குச்சியை, இறங்கி வந்து தானே ஒருமுறை அளந்து பார்த்த பிறகுதான் டிரிலை இறக்குகிறான். பார்க்கட்டும்.
இன்று தொவேலா பூட்ஸோடு சேற்றில் இறங்கி வந்தாள். "ஐயா, வடக்கு மூலையில தண்ணி ஊறுமா? திரையில ஒண்ணும் தெரியல."
"ஊறும்" என்றேன். "எதுவரைக்கும்னு நடந்தே காட்டுறேன், வா."