வேட்டைக்காரர் ஜாக்கெட்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? டெல்லிக் குளிருக்கென்று, வேட்டைக்காரர்கள் போடுகிற மாதிரி இலை அச்சடித்த ஜாக்கெட் ஒன்றை அழகில் மயங்கி வாங்கினேன். நேற்று வில்வித்தைப் பயிற்சியில் நாணை இழுத்து விட்டதும், அது ஜாக்கெட்டின் உப்பிய கையில் அடித்தது. அம்பு பத்துப் புள்ளி வட்டத்தில்தான் பாய்ந்தது. ஆனால் பக்கத்துப் பெண்ணின் பலகையில்!

“பேட்டா, வேட்டைக்கா வந்தே? கையோட ஒட்டுற கம்பளி போடு” என்று கோச் சிரித்தார்.

எனக்குக் காயமில்லை, கை கொஞ்சம் சிவந்ததோடு சரி. அடுத்த மாதத் தேர்வில் நிச்சயம் அணிக்குள் வந்துவிடுவேன். உங்கள் பட்டாளத்துப் பச்சைக் கம்பளி ஸ்வெட்டர் எனக்குக் கச்சிதமாக இருக்கும், அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். துவைத்தால் சுருங்கிவிடும், அதற்காகத்தான் சொல்கிறேன்; உங்கள் வாசனை போய்விடும் என்றெல்லாம் இல்லை.

பஸ் வந்துவிட்டது.

உங்கள்
எழிலரசி