சங்குமேட்டுப் பெட்டிக்கு ஒரு ஸ்கேனர்

பதிவு 112. திங்கள், காலை 9.10

நிலா, தென்முனைக் காப்பகம், மூன்றாம் கூடம். பணியில் இருப்பவர் ஒருவர். பெயர் நிரோஷா, படப் பராமரிப்பு. காற்று சரி. வெப்பம் சரி. சரக்கு வண்டி அடுத்த வாரம்.

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், இந்த இடம் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பூமியில் கடல் ஏறியதும் வசதியானவர்கள் தங்கள் எண்ணெய் ஓவியங்களையும் கல்யாண ஆல்பங்களையும் இங்கே அனுப்பிவைத்தார்கள். இங்கே ஈரம் இல்லை, கரையான் இல்லை. ஓவியத்துக்கு இடம் உண்டு. வீடிழந்த மனிதனுக்கு விலைப்பட்டியலிலேயே இடம் இல்லை.

கடைசித் தட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. எண்ணூருக்கு வடக்கே மூழ்கிப்போன சங்குமேட்டுக் குப்பத்தின் படங்கள். ஸ்டூடியோக்காரர் எடுத்த கறுப்பு வெள்ளை ஃபிலிம் சுருள்கள், அச்சிட்ட போட்டோக்கள், பலகையில் பெயிண்ட் அடித்து வரைந்த சில படங்கள். தீர்ப்பாயத்தின் கிடங்கில் தண்ணீர் புகுந்தபோது சான்றுப் பொருள் என்று சொல்லி இங்கே ஏற்றிவிட்டார்கள். படத்துக்குச் சொந்தக்காரர்கள் தகர முகாமில் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை விசாரணை. அங்கே யாரும் குடியிருந்ததில்லை, அது வெறும் மணல்மேடு என்கிறது துறைமுகக் கம்பெனி. ஆளும் வீடும் சேர்ந்து தெரியும் படங்களைக் காட்டினால் மேட்டு நிலத்தில் மனை கிடைக்கும். காட்டாவிட்டால் முகாமையும் காலி செய்ய வேண்டும்.

நானும் சங்குமேடுதான். ஆறு வயதில் கிளம்பினேன். அலுவலகத்துக்கு இது தெரியாது.

பதிவு 113. திங்கள், பகல் 12.40

கூடத்தில் மூன்று தட்டை ஸ்கேனர்கள் இருக்கின்றன. மின்சாரம் ஒன்றுக்குத்தான் போதும். மூன்றிலும் ஒரே போட்டோ, ஒரே ஃபிலிம், ஒரே பலகைப் படம் வைத்துச் சோதித்தேன்.

மெலிந்தது: எடை இல்லை, மின்சாரம் கேட்காது. ஆனால் கண்ணாடியை ஒட்டிப் படுத்திருப்பது மட்டும்தான் துல்லியமாக விழும். நெல்லளவு மேலே எழும்பினாலும் மங்கிவிடும். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போய்த் திரும்பாதவரின் போட்டோவில், நெற்றியில் குங்குமத்தைக் குழைத்து அப்புவார்கள். அடுத்த வருஷமும் அதன்மேலேயே அப்புவார்கள். சில படங்களில் அது பருப்பளவு தடித்திருக்கிறது. அந்த மேடு படத்தைக் கண்ணாடியிலிருந்து தூக்கிவிடுகிறது. முகம் போய்விடுகிறது. தவிர, ஃபிலிமுக்குப் பின்னாலிருந்து ஒளி பாய்ச்சும் மூடி இதில் கிடையாது. கழித்தேன்.

பழையது: கல்லுரல் மாதிரி கனம். விளக்கு சூடாகவே அரைமணி ஆகும். ஆனால் மேடு பள்ளம் எல்லாம் தெளிவாக விழுகிறது. பலகைப் படத்தில் தூரிகை மயிர் ஒட்டியிருப்பது வரை தெரிகிறது. மூடியில் ஃபிலிம் விளக்கு உண்டு. மெதுவானது. தூசியையும் கீறலையும் அப்படியே காட்டும்.

புதியது: வேகம். தூசியைத் தானே நீக்குமாம், சோதனையில் அந்த வசதியை மட்டும் ஓட்டிப் பார்க்கவில்லை. காப்பகக் கம்பெனியின் செல்லப்பிள்ளை.

பதிவு 114. திங்கள், மாலை 4.05

முகாமிலிருந்து தேசராணி அக்கா பேசினார். வழக்கை நடத்துபவர் அவர்தான்.

“இன்னா பாப்பா, தொரைங்க படத்துக்கெல்லாம் மெத்த போட்டு வச்சிருப்பாங்களே, நம்ம பொட்டிய எங்க போட்டாங்க? கக்கூசு பக்கத்துலயா?”

“கிட்டத்தட்ட அங்கதாங்க்கா.”

“ஃபிலிமு பூரா உப்பு பூத்துக் கெடக்கும். வெள்ளிக்கெழமைக்குள்ள தொடச்சி அனுப்பிடு. உன்னிய நம்பித்தான் சமையக்காரனுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டேன். பிரியாணி.”

உண்மைதான். ஃபிலிம் முழுக்க உப்புப் பொட்டுகள். கையால் துடைத்தால் படலம் உரியும். நேரமும் இல்லை. அதனால் புதியதைத் தேர்ந்தெடுத்தேன். சுருள்களை ஊட்டும் தட்டில் அடுக்கினேன். போட்டோக்களையும் போட்டேன். ஓடிக்கொண்டிருக்கிறது.

பதிவு 115. புதன், காலை 7.30

முடிந்தது. படங்களைத் திறந்து பார்த்தேன்.

யாரும் இல்லை.

மணல், வானம், பனை, ஓலைச் சார்ப்பு. எல்லாம் கண்ணாடிபோல் சுத்தமாக இருக்கின்றன. ஏலம் போடும் இடத்தில் மீன்கூடைகள் வட்டமாக நிற்கின்றன, சுற்றி ஆளில்லை. ஒரு கல்யாணப் படத்தில் இரண்டு மாலைகள் காற்றில் தொங்குகின்றன. நெகட்டிவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அதில் எல்லாரும் இருக்கிறார்கள்.

காரணம் புரிகிறது. இந்த இயந்திரம் ஃபிலிமை இரண்டு முறை பார்க்கும். ஒருமுறை சாதாரண ஒளியில், இன்னொரு முறை அகச்சிவப்பில். வண்ண ஃபிலிமின் சாயத்தை அகச்சிவப்பு கடந்துபோகும், தூசி மட்டும் தடுக்கும். தடுத்ததை நீக்கிவிட்டு, பக்கத்தில் இருப்பதை வைத்து இட்டு நிரப்பும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்தான். அதுவும் அகச்சிவப்பைத் தடுக்கும். பரந்து கிடந்த மணலையும் வானத்தையும் இயந்திரம் விட்டுவிட்டது. சிறுசிறு துண்டாகக் கிடந்ததை எல்லாம் தூசி என்று முடிவு செய்தது. வெயில் பட்ட நெற்றி, வெள்ளை வேட்டி, சிரிக்கும் பல். மிச்சம் இருந்த உடம்பையும் அதற்குப் பின் ஊகித்து அழித்திருக்கிறது. போட்டோக்களில் குங்குமத்தைக் கறை என்று எடுத்தது, கூடவே தலையையும் எடுத்தது.

படப் பராமரிப்புத் தொழிலில் ஐந்து வருஷம் இருக்கிறேன். இந்த ஃபிலிமுக்கு இந்த இயந்திரம் ஆகாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

பதிவு 116. புதன், பகல் 1.15

தேசராணி அக்கா: “பாப்பா, ரேஷன் மிசினு ஆளே இல்லன்னுது. வெரல வச்சா ‘இல்ல’. மூஞ்சியக் காட்டுனா ‘இல்ல’. முன்னாடி நின்னு கத்துறேன், எவன் கேக்குறான்? அப்பால கொளத்தாங்கர மேரி வந்து, ‘இன்னாடி, செத்துட்டியா, சொல்லவே இல்ல’ன்றா. சிரிக்கிறாளுங்க. அரிசி இல்ல.”

இயந்திரத்தின் கையேட்டைப் புரட்டினேன். ‘சீர்மை’ என்று ஒரு வசதி. ஒரு படத்தில் தூசி என்று நீக்கியதைக் காப்பகத்தோடு இணைந்த எல்லாக் கோப்புகளிலும் தேடி நீக்கும். வயது மாறிய முகத்தையும் கண்டுபிடிக்கும். முகாமின் அடையாளக் கோப்பும் இந்தக் காப்பகக் கம்பெனியின் பராமரிப்பில்தான் இருக்கிறது.

அணைக்கும் பொத்தான் இல்லை. எதற்கு வேண்டும்? அந்த ஓவியங்களில் இருப்பவர்கள் யாரும் அரிசிக்கு வரிசையில் நிற்பவர்கள் இல்லையே.

புதியதைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். பழையதை இழுத்து வந்து மேசையில் வைத்தேன். விளக்கு சூடாகிறது.

பதிவு 117. வியாழன், காலை 8.20

காற்று வாடை மாறியிருக்கிறது. கூடத்தின் கண்காணிப்புப் பலகையில் பார்த்தேன். கூடத்தில் ஆட்கள்: இல்லை. நிலை: சேமிப்பு. உயிர்க்காற்று குறைக்கப்படுகிறது, நைட்ரஜன் ஏற்றப்படுகிறது, குளிர் கூட்டப்படுகிறது. ஃபிலிமுக்கு உகந்த சூழல்.

நெகட்டிவ்களை மறுபடி பார்த்தேன். மூன்றாம் சுருளில் அப்பா நிற்கிறார். அவர் தோளில் நான், வாயில் விரல்.

அறைக் காமிரா என்னைக் காட்டும் திரை எதிரே இருக்கிறது. மேசை தெரிகிறது. நாற்காலி காலியாக இருக்கிறது. விசைப்பலகையில் விசைகள் தாமாக அமுங்கி எழுகின்றன.

கையை ஆட்டினேன். திரையில் தூசுகூட அசையவில்லை.

பதிவு 118. வியாழன், காலை 9.45

அலுவலகத்தை அழைத்தேன். விஸ்வேஷ் சார் எடுத்தார்.

“நிரோஷா, உங்க குரல் கேட்குதும்மா. ஆனா சிஸ்டம்ல நீங்க இல்லையே. ஆளில்லாத கூடத்துக்கு மீட்பு வண்டி கேட்டா என்னை என்ன சொல்வாங்க?”

“ஆள் இல்லன்னா இப்ப யார்கிட்ட சார் பேசுறீங்க?”

“கோவப்படாதீங்க. ஒரு வழி இருக்கு. காப்பகத்தைப் போன வாரத்துக்கு மீட்டமைங்க. நீங்க திரும்ப வந்துடுவீங்க, காத்தும் வந்துடும். ஆனா இரண்டு நாள் எந்தப் படமும் உள்ளே வராது, வெளியே போகாது.”

“நாளைக்கு விசாரணை சார்.”

“அது நம்ம வேலை இல்லையேம்மா.”

இரண்டு நாள் என்றால் சனிக்கிழமை. மீட்டமைத்தால் நான் இருப்பேன், அவர்களுக்கு மனை இருக்காது. படங்களை அனுப்பி முடித்தபின் மீட்டமைக்கலாம் என்றால் பழைய இயந்திரம் மெதுவானது. விண்வெளி உடுப்பில் உள்ள காற்று அதுவரை வருமா என்று கணக்குப் போட்டேன். போட்ட கணக்கு பிடிக்கவில்லை. அழித்துவிட்டேன்.

ஸ்கேன் செய்கிறேன்.

பதிவு 119. வியாழன், மாலை 5.50

உடுப்பின் கையுறையோடு ஃபிலிமைப் பிடிக்க முடியவில்லை. முகமூடியையும் குழாயையும் மட்டும் மாட்டிக்கொண்டேன். விரல் மரத்துவிட்டது. ஃபிலிமைச் சட்டத்தில் பொருத்தி, கண்ணாடியில் படாமல் சற்று மேலே நிறுத்த வேண்டும். பட்டால் எண்ணெய் வளையங்கள் மாதிரி விழும். மூச்சை ஊதினால் பனி பிடிக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வைக்கிறேன். எப்படியும் சிக்கனம் செய்ய வேண்டியதுதான்.

படங்கள் நேராக முகாமின் அலைவாங்கிக்குப் போகின்றன. காப்பகத்தின் வழியாக இல்லை. உப்பு, கீறல், கைரேகை, குங்குமம், எல்லாவற்றோடும் போகின்றன.

முகாமில் தார்ப்பாயைத் தொங்கவிட்டு அதில் பார்க்கிறார்களாம். சத்தம் கேட்கிறது.

“அய்ய, இது நம்ம ராயபுரத்து மாமாடி! பல்லப் பாரு!”

“கம்முனு இருங்கடி, பாப்பா லைன்ல இருக்குது. பாப்பா, உன் கொரலு ஏன் இப்டி இருக்குது?”

“சளிக்கா.”

“மெளகுத் தண்ணி குடி.”

பதிவு 120. வெள்ளி, காலை 6.35

எல்லாம் போய்விட்டது. பலகைப் படங்களும். தலை பாரமாக இருக்கிறது. எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது. மீட்டமைப்புப் பொத்தானில் விரல் வைத்தேன். அக்கா கூப்பிட்டார்.

“பாப்பா, தொறமுகக் கம்பெனி வக்கீலு, இந்த மிசினு ஆளுங்கள வரைஞ்சி விட்ருக்குதுன்றான். இல்லாத ஆள இட்டுக் கட்டுனதாம். நம்ம வக்கீலம்மா இன்னா சொல்றாங்கன்னா, படத்துல இருக்கறவங்க யாராவது உயிரோட ஒருத்தர், அதே மிசினுல மூஞ்சிய வச்சி எடுத்து அனுப்பினா தீர்ப்பாயம் ஒத்துக்குமாம். வாய், தாடை எல்லாம் முழுசா தெரியணுமாம். நீயும் நம்ம மேட்டுப் புள்ளதான், எதுனா படத்துல இருப்ப. அங்க நீ ஒருத்திதானம்மா இருக்குற.”

விரல் இன்னும் பொத்தானில்தான் இருந்தது.

“முடியாதுன்னா வுட்டுடு பாப்பா. வேற எதுனா பாத்துக்கலாம். உன்னிய யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்.”

வேறு எதுவும் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

பதிவு 121. வெள்ளி, காலை 7.

முகமூடியைக் கழற்றினேன். மூடியைத் தூக்கிக் கண்ணாடியில் முகத்தை வைத்தேன். கண்ணாடி சுட்டது. இரண்டு நாளில் சூடாகப் பட்டது அது ஒன்றுதான். விளக்கு நெற்றியிலிருந்து இறங்கியது. கண்ணை மூடவில்லை.

படம் விழுந்திருக்கிறது. மூக்கு நசுங்கி, உதடு வெடித்து. அழகாக இல்லை. நான்தான்.

அனுப்புகிறேன். வரி வரியாகப் போகும்.

பதிவு 122. வெள்ளி

முகமூடியில் காற்று வரவில்லை. தட்டிப் பார்த்தேன்.

“நெத்தி வந்துச்சி பாப்பா. தார்ப்பாயில தெரியுது. எல்லாரும் நிக்கிறோம்.”

திரையில் நாற்காலி காலி. விசைகள் மெதுவாக அமுங்குகின்றன.

“கண்ணு வந்துடுச்சி. உங்கப்பன் கண்ணு அப்டியே. யாரு பெத்த கொழந்தையோன்னு இருந்தோமே, கபாலி மவளாடி நீ? சொல்லவே இல்ல?”

மீட்டமைப்பு அழுத்தினால் கூடத்தின் அலைபரப்பியும் அணைந்து அனுப்புவது நிற்கும். அழுத்தவில்லை.

“மூக்கு வருது. பாப்பா? நிரோசா? பேசு தாயி.”

வாய் வந்ததா என்று கேட்டிருக்கிறேன். இங்கிருந்து போய்த் திரும்ப மூன்று நொடி ஆகும். வாய் வந்ததா. தாடை கொஞ்சம்தான் பாக்கி. மூன்று நொடி