மூன்று முறை வணக்கம் சொன்னவளுக்கு

இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் தேநீர் இடைவேளைக்குப் பருப்பு வடை வந்தது. கேட்டரிங்காரர் விடியற்காலையிலேயே சுட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடிக் கொண்டுவந்துவிட்டார். மூடியைத் திறந்ததும் சோம்பும் கறிவேப்பிலையும் ஆறிப்போன எண்ணெயும் சேர்ந்த வாசம் குப்பென்று வந்தது. நீ இருந்திருந்தால் ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "இதை வடைன்னு சொன்னவன் யாரு, அவனைக் கூப்பிடு" என்று ஆரம்பித்திருப்பாய். நான் இரண்டு தின்றேன். உன் வடைக்கு அப்புறம் எந்த வடையும் தொண்டையில் இறங்கவில்லை என்றெல்லாம் உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். இறங்குகிறது. எல்லாம் இறங்குகிறது.

இடைவேளை முடிந்ததும் உன் படத்தைச் சுவரில் காட்டினேன். ஒவ்வொரு கோர்ஸிலும் காட்டுகிறேன். எங்கள் பயிற்சித் திட்டத்தின் சின்னம் போட்ட ஆரஞ்சு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, சான்றிதழை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறாய். கீழே, 'சாலையோரத்திலிருந்து சொந்தக் கடைக்கு' என்று எழுதியிருக்கிறது. அதை எழுதியவள் நான்தான்.

பின்வரிசையில் செந்தூலில் இடியாப்பம் விற்கும் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "மேடம், இந்த அக்கா கடை எங்க இருக்கு?"

இத்தனை நாளில் இதை யாரும் கேட்டதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "பண்டமாரான்."

"அட, என் தங்கச்சி வீடு அங்கதான்! சனிக்கிழமை போறேன். அவங்களைப் பார்த்து நாலு விஷயம் கேட்டுட்டு வந்துர்றேன்."

நான் பொத்தானை அழுத்தி அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

எனக்கு இந்த வேலை கிடைத்தபோது முதலில் கேலி செய்தவள் நீ. அரசாங்கம் சிறுவியாபாரிகளுக்குப் பயிற்சியும் ஆலோசனையும் தருகிறது, அதில் நான் தொழில் ஆலோசகர் என்று பெருமையாகச் சொன்னேன். நீ வடைச்சட்டியில் கரண்டியைத் தட்டிக்கொண்டே, "ஒரு நாள்கூட கடை போடாதவ, கடை போடறது எப்படின்னு சொல்லிக் கொடுக்கப் போறியா? நல்ல வேலைடி, விட்றாத" என்றாய். நான் விடவில்லை. இன்னும் அதில்தான் இருக்கிறேன்.

உன் கடை என்ன பெரிய கடை. பண்டமாரானில், துறைமுகத்துக்கு லோரிகள் திரும்பும் சாலையில் ஒரு கேன்வாஸ் கூரை, இரண்டு அடுப்பு, ஒரு நீளமான பெஞ்சு. மலாய்க்கார லோரி டிரைவரும், கிடங்கில் வேலை பார்க்கும் சீனப் பையன்களும், ஷிப்ட் முடிந்து வரும் நம்மவர்களும் அந்த ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். யார் வந்து என்ன கேட்டாலும், என்ன குறை சொன்னாலும், நீ முதலில் ஒரு சூடான வடையைக் கையில் திணிப்பாய். "மக்கான் டூலு, முதல்ல தின்னு, அப்புறம் பேசு." சண்டைக்கு வந்த நகராண்மைக் கழக ஆளுக்கும் அதேதான். அவர் தின்றார். பிறகும் நோட்டீஸைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார். சாலையை அகலப்படுத்தப்போகிறார்கள், மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது.

பக்கத்தில் புது உணவு வளாகம் கட்டியிருந்தார்கள். அதில் ஒரே ஒரு கடை, எங்கள் திட்டத்தில் பயிற்சி எடுத்தவருக்கு என்று ஒதுக்கியிருந்தது. மூன்று நாள் கோர்ஸ். அப்புறம் நடுவர் குழுவின் முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும். நோட்டீஸை மடித்து மார்பில் செருகிக்கொண்டு கிள்ளானுக்கு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாய். வழக்கமாக வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வருகிறவள், அன்றைக்குச் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தாய்.

"அந்த இடம் எனக்குக் கிடைக்கணும்டி. வேற ஒண்ணும் வேணாம். எனக்கு வேற வேலை தெரியாது."

"கிடைக்கும்லா. நான் இருக்கேன்ல" என்றேன்.

நான் இருந்தேன். அதுதான் பிரச்சினை.

அடுப்பைக் கொண்டுவந்து அவர்கள் கண் முன்னாலேயே வடை சுட்டுக் கொடுக்கிறேன் என்றாய். "இது என்ன பாசார் மாலாமா, ராத்திரிச் சந்தையா, வாசல்ல அடுப்பு வைக்கறதுக்கு? கவர்மென்ட் ஆபீஸ்டி" என்று உன் வாயை அடைத்தேன். முந்தின நாளே சுட்டு, டப்பாவில் போட்டு, லேபிள் ஒட்டச் சொன்னேன். பேக்கேஜிங் பற்றி நான் எடுத்த வகுப்பு அப்படி. பிறகு இரண்டு பக்கத்துக்கு ஒரு பேச்சு எழுதினேன். நல்ல, சுத்தமான, மேடை மலாய். 'சலாம் செஜாத்ரா' என்று வணக்கத்தில் தொடங்கி, மதிப்பிற்குரிய இன்னார், மதிப்பிற்குரிய இன்னார் என்று நீட்டி முழக்கி, என் நோக்கு, என் இலக்கு என்று போகும். ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம் செய் என்று கையில் கொடுத்தேன். நாள் முழுக்க மலாய் பேசி வியாபாரம் செய்கிறவள் நீ. உனக்கு நான் மலாய் எழுதிக் கொடுத்தேன்!

ஐந்து நாள். மதியம் கடையைக் கட்டியதும் அதே பெஞ்சில் நான் உட்கார, நீ எதிரில் நிற்பாய். எங்கே தடுக்கினாலும் நான் சொல்வது ஒன்றுதான்: "முதல்லேர்ந்து."

"நடுவுலதானடி மறந்துச்சு. அங்கேர்ந்து சொல்றேனே."

"முதல்லேர்ந்து."

இந்தச் சொல் உன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்தாம் வகுப்பு, தமிழ்ப்பள்ளி, பேச்சுப் போட்டி. அவைத் தலைவர் அவர்களே, நடுவர்களே, ஆசிரியர்களே என்று சொன்னாய். அப்புறம் ஒன்றும் வரவில்லை. டீச்சர், "முதல்லேர்ந்து சொல்லு" என்றார். மறுபடியும் அவைத் தலைவர் அவர்களே. மறுபடியும் அங்கேயே நின்றாய். பள்ளிக்கூடமே சிரித்தது. அந்த வருடம் முழுக்க உன்னை 'அவைத் தலைவர்' என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். அந்தப் பட்டப்பெயரை வைத்தவள் யார் என்று உனக்குக் கடைசி வரை தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நான்தான். போட்டியில் கோப்பை வாங்கியதும் நான்தான். வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே கோப்பை அது. மனப்பாடம் செய்தால் ஜெயிக்கலாம் என்பதைத் தவிர எனக்கும் வேறு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது.

அன்றைக்கு நீ கட்டிய நீலப் புடவை, மேலே ஆரஞ்சு ஏப்ரன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஓரத்தில், ஆலோசகர் என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான். அந்த மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

வணக்கம் சொன்னாய். மதிப்பிற்குரிய மூவரையும் சொன்னாய். நாலாவது வரியில் நின்றாய். என்னைப் பார்த்தாய். நான் காகிதத்தைப் பார்த்தேன். நீ மூச்சை இழுத்து மறுபடியும், "சலாம் செஜாத்ரா" என்றாய். அதே வரியில் மறுபடியும் நின்றாய், மறுபடியும் என்னைப் பார்த்தாய். நடுவில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். மூன்றாவது தடவை நீ குனிந்து, கைகூப்பி, முன்னைவிடச் சத்தமாக வணக்கம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். நடுவில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, 'பார்த்தாயா' என்பதுபோல என்னைப் பார்த்தார்.

நானும் சிரித்தேன். சும்மா உதட்டளவில் இல்லை. அவர்களைவிடச் சத்தமாக.

"போதும் லா, காக்" என்று அவர் மலாயில் அக்கா போட்டுச் சொன்னார். நீ டப்பாவைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினாய். "மக்கான் டூலு" என்று சொல்ல வந்து, அந்த வார்த்தை இந்த இடத்துக்குத் தகுமா என்று என்னைப் பார்த்து, சொல்லாமலே விட்டாய். ஒருவர்கூட எடுக்கவில்லை.

வெளியே நடையில் வைத்துக் கேட்டாய். "நீயும் சிரிச்சியாடி?"

"இல்லலா. இருமல்."

"ம்" என்றாய். டப்பாவிலிருந்து ஒரு வடையை எடுத்து என்னிடம் நீட்டினாய். வாங்கித் தின்றேன். எனக்கு வெட்கம் எங்கே இருந்தது.

கடை, பர்கர் விற்கும் ஒருவருக்குப் போனது. நன்றாகப் பேசினார், அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. திட்டத்தையும் மொத்தமாகத் திட்டமாட்டேன். போர்ட் கிள்ளானில் துணி தைக்கும் ஒரு அம்மா இதனால்தான் தலை நிமிர்ந்தார். உன் விஷயத்தில் உட்கார்ந்து கெடுத்தது திட்டம் இல்லை. ஆலோசகர் குறிப்பு என்ற கட்டத்தில், 'பேச்சுத் திறன் போதாது, மேலும் பயிற்சி தேவை' என்று என் கையால் எழுதினேன். அது வேலை செய்தது. அவர்கள் உன் கூரையைப் பிரித்து லோரியில் ஏற்றிய அதே வாரம், உனக்கு அடுத்த கோர்ஸுக்கு அழைப்பு வந்தது. 'வியாபாரத்தை விரிவுபடுத்துவது எப்படி'. போன் போட்டு வாசித்துக் காட்டிவிட்டு, "எதைடி விரிக்கறது, பாயையா?" என்று கேட்டாய்.

பிறகு தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலை. விடியுமுன் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். நாள் முழுக்க நின்றுகொண்டே பெட்டி ஒட்ட வேண்டும். அவர்கள் கொடுத்த ஷூ காலைக் கடித்தது. உனக்குச் சர்க்கரை. புண்ணை யாருக்கும் காட்டாமல் மஞ்சளை அப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்திருக்கிறாய். கடை இருந்தபோது செருப்பில்லாமல் கால் நீட்டி உட்கார்ந்த பொம்பளை.

இதற்கு நடுவில்தான் ஆண்டறிக்கைக்கு ஒரு வெற்றிக் கதை வேண்டும் என்று கேட்டார்கள். கோர்ஸ் முடிந்த நாளில் எடுத்த உன் படத்தைப் பார்த்து, "இது நல்லா இருக்கே, சிரிச்ச முகம், இவங்க எப்படி இருக்காங்க?" என்றார் ஒருங்கிணைப்பாளர். "நல்லா இருக்காங்க" என்றேன். அவர் கேட்டதற்கு அதுதான் சுலபமான பதில்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவைதான் வந்தேன். முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாக இருந்தது. நான் ஆரஞ்சுப் பழத்தை எங்கே வைப்பது என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். நீதான் ஆரம்பித்தாய்.

"பேனர்ல என் மூஞ்சியைப் பார்த்தேன்டி. கிள்ளான்ல பெரிசா தொங்குது. சொந்தக் கடையாமே?"

நான் பழத்தை உன் தலைமாட்டில் வைத்தேன்.

"அவ எங்க கடை போட்டிருக்கா, சொல்லு. யாரையாவது விட்டு ரெண்டு வடை வாங்கிட்டு வரச் சொல்லலாம். இங்க சாப்பாடு சகிக்கல."

சொல்லிவிட்டு நீ சிரித்தாய். பக்கத்துக் கட்டில் அம்மா திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, வயிறு குலுங்கச் சிரித்தாய். இந்த முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்து நாளில் போய்விட்டாய். மாலை போட ஒரு நல்ல படம்கூட வீட்டில் இல்லை என்று உன் மகள் என்னிடம்தான் கேட்டாள். அதே படத்தை அனுப்பினேன். சான்றிதழை வெட்டிவிட்டார்கள். ஏப்ரனை வெட்ட முடியவில்லை. ரோஜா மாலைக்கு அடியில் திட்டத்தின் சின்னம் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் எல்லாரும், "எவ்வளவு களையா இருக்கா பாரு" என்றார்கள்.

இதை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு நாலு நாள் தொடவில்லை. இன்றைக்குச் சனிக்கிழமை. மதியம் அந்த இடியாப்பக்காரி போன் போட்டாள். பின்னால் லோரி ஹாரன் கேட்டது.

"மேடம், பண்டமாரான் முழுக்கச் சுத்திட்டேன். கடையைக் காணோம். கோர்ஸ்ல போன்ல எடுத்துக்கிட்ட போட்டோவை இங்க ஒரு அண்ணேகிட்ட காட்டினேன். அவர் அழுவுறார் மேடம். என்ன விஷயம்?"

சொல்லிவிட்டேன். கடை கிடைக்கவில்லை, இருந்ததும் போயிற்று, அவளும் போய்விட்டாள். மூன்றே வாக்கியம். நடுவில் எங்கேயும் தடுக்கவில்லை.

அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அப்ப... எனக்கு ஒரு பேச்சு எழுதிக் கொடுத்தீங்களே, ரெண்டு பக்கம். அதை மனப்பாடம் பண்ணணுமா, வேணாமா?"

ஆமாம்டி. அவளுக்கும் எழுதிக் கொடுத்திருந்தேன். உன்னுடையதில் வடையை எடுத்துவிட்டு இடியாப்பத்தைப் போட்டு.

"வேணாம்" என்றேன். "அதைத் தூக்கிப் போடுங்க. ஸ்டீமரைக் கொண்டுபோங்க. சூடா ஆளுக்கு ஒண்ணு கையில கொடுத்துட்டு, கடையில பேசற மாதிரி பேசுங்க. யாராவது ஏதாவது சொன்னா, நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"பயத்துல நடுவுல மறந்து போச்சுன்னா, மேடம்?"

"விட்ட இடத்துலேர்ந்து போங்க. திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்காதீங்க. என்ன ஆனாலும் ஆரம்பிக்காதீங்க."

"சரி மேடம்" என்று போனை வைத்தாள்.

இவ்வளவுதான் நான் கற்ற தொழில் ஆலோசனை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு வரி. சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்கு நீ என்னைத் திரும்பிப் பார்த்தபோது, என் இடத்திலிருந்து எழுந்திருக்காமலே இதைச் சொல்லியிருக்கலாம். மூன்று முறை பார்த்தாய். நான் சிரித்தேன்.